மில்லில் அரைத்த மாவு கொதிக்கக் கொதிக்க வருகிறதே, சத்து போய்விடுமா?

தேனி_சுபா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மாதாமாதம் கோதுமை, கேழ்வரகு, கம்பு மூன்றையும் பக்கத்துத் தெரு மில்லில் கொடுத்து அரைத்து வாங்குகிறேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரவே முடியாது, அவ்வளவு சூடு. இப்போது ஆன்லைனில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. "குளிர்முறை அரவை, சூடே ஏறாது, சத்து அப்படியே இருக்கும்" என்று சொல்லி மில் செலவைப் போல் இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இந்தச் சூட்டில் சத்து உண்மையிலேயே போகிறதா? இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். கம்பு மாவு மட்டும் ஒரு வாரம் பத்து நாளில் கசந்து, பழைய எண்ணெய் வாடை அடிக்கிறது. அதே மில், அதே நாள், அதே டப்பா. கேழ்வரகுக்கு ஒன்றும் ஆவதில்லை. சூடுதான் காரணமா?

கரிசல்_கந்தன்

சூடுதான். சந்தேகமே வேண்டாம். எங்கள் பாட்டி திருகையில் அரைப்பார். மாவு சில்லென்று இருக்கும். ஒரு நாளும் கசந்ததில்லை. மெஷின் வந்த பிறகு எல்லாம் போச்சு.

மில்லுக்காரன்

அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு மாவு மில்தான், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உள்ளே இரண்டு கல். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். தானியம் நடுவில் விழுந்து ஓரத்துக்கு வருவதற்குள் மாவாகிவிடும். கல்லின் முகத்தில் காடி போட்டுக் கொத்தியிருப்போம். கொத்து கூர்மையாக இருக்கும்வரை கல் தானியத்தை வெட்டும். மழுங்கிவிட்டால் வெட்டாது, தேய்க்கும். மாவு அதிகமாகச் சூடாக வருகிறது, அதே சமயம் நெறுநெறுவென்றும் இருக்கிறது என்றால் கல் கொத்து போய்விட்டது என்று அர்த்தம். மில்காரர் கொத்துக் கூலிக்குப் பார்த்துக்கொண்டு தள்ளிப்போடுகிறார்.

இன்னொன்று, "நல்லா நைசா அரைச்சுக் கொடுங்க" என்று கேட்பவர்கள் நீங்கள்தான். நைசாக வேண்டுமென்றால் கல்லை நெருக்கி வைக்க வேண்டும். நெருக்கினால் உரசல் கூடும், சூடும் கூடும். இடியாப்ப மாவு கேட்டுவிட்டு, சூடாக வருகிறது என்றால் நான் என்ன செய்வேன்?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

மில்லுக்காரர் தம்பி சரியாகச் சொன்னார். எவ்வளவு சூடு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

10 எச்பி மோட்டார், மணிக்கு 200 கிலோ அரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 எச்பி என்பது 746 வாட். ஆக ஒரு மணி நேரத்தில் மோட்டார் கொடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2.7 கோடி ஜூல். அதை 200-ஆல் வகுத்தால் ஒரு கிலோ மாவுக்கு 1,34,000 ஜூல். ஒரு கிலோ மாவை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 1,700 ஜூல் போதும். அப்படியானால் முழுவதும் மாவுக்குள்ளேயே போயிருந்தால் கிட்டத்தட்ட 79 டிகிரி ஏற வேண்டும்! அவ்வளவு ஏறுவதில்லை. கல், இரும்புக் கூடு, காற்று எல்லாம் பங்கு வாங்கிக்கொள்கின்றன. தானியத்தின் ஈரமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். கிலோவுக்கு 10 கிராம் தண்ணீர் ஆவியானாலே 13 டிகிரிச் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். (எடை குறைகிறது, மில்காரர் மாவை எடுத்துவிட்டார் என்று சண்டை போடுபவர்கள் இதைக் கவனிக்கவும். எல்லா நேரமும் அவர் எடுப்பதில்லை.)

சரி, இவ்வளவு ஆற்றலைச் செலவு செய்கிறோமே, தானியத்தை உடைப்பதற்கு அதில் எவ்வளவு போகிறது? புதிய பரப்பை உண்டாக்க உண்மையில் தேவைப்படுவது சுமார் ஒரு சதவீதம், சில சமயம் அதற்கும் கீழே. மிச்சம் எல்லாம் உரசலில் வெப்பமாகப் போகிறது. அரைக்கும் எந்திரம் எதுவாக இருந்தாலும், திருகை உட்பட, கதை இதுதான். பாட்டியின் திருகை சில்லென்று இருந்ததற்குக் காரணம் அவர் மெதுவாகச் சுற்றியதுதான். உண்டான சூடு அவ்வப்போதே கல்லிலும் காற்றிலும் கலைந்துவிடும்.

உரசினால் வெப்பம் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் என்பதை ரம்ஃபோர்ட் பிரபு மியூனிக்கில் பீரங்கிக் குழாய் துளைக்கும் இடத்தில் காட்டினார். மழுங்கிய துளைப்பானை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டு, சுற்றிலும் தண்ணீர் நிரப்பி, குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது, கீழே நெருப்பே இல்லாமல். 1798-இல் வெளியான கட்டுரை அது. மழுங்கிய கல் ஏன் அதிகம் சூடாகிறது என்று மில்லுக்காரர் சொன்னாரே, அதே சங்கதி.

தேனி_சுபா

சார், சூடு எப்படி வருகிறது என்று புரிந்தது. சத்து?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

அந்த மாவை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் அம்மா? சப்பாத்தி சுடப் போகிறீர்கள், களி கிண்டப் போகிறீர்கள். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி, தோசைக்கல் அதைவிட எவ்வளவோ மேலே. மில்லில் சில வினாடி, பையில் கொஞ்ச நேரம் சூடாக இருந்ததால் போகிற சத்து, அடுப்பில் போவதன் முன்னால் ஒன்றுமில்லை. அந்த விளம்பரத்துக்காக இரண்டு மடங்கு காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கரிசல்_கந்தன்

அப்படியானால் கம்பு ஏன் கசக்கிறது? அதற்குப் பதில் சொல்லாமல் பீரங்கிக் கதை சொல்கிறீர்கள்.

உமியும்_தவிடும்

அதற்கு நான் சொல்கிறேன். தவிட்டு எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறேன், கசப்பும் காறலும்தான் எங்கள் அன்றாடத் தலைவலி.

சுபா அக்கா கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இரண்டும் ஒரே மில்லில் ஒரே நாளில் அரைத்தவை. இரண்டுமே சூடாகத்தான் வந்தன. சூடுதான் குற்றவாளி என்றால் இரண்டும் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும். கெட்டது ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் தானியத்துக்குள்ளே இருக்கிறது.

கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம். கேழ்வரகில் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். கம்பு மணியில் முளை பெரியது, எண்ணெயில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்த எண்ணெயை உடைக்கும் லைபேஸ் என்ற நொதியும் அதே மணிக்குள் உண்டு. முழுமணியாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனி அறையில் இருக்கின்றன, மேலே தோல் மூடியிருக்கிறது. அதனால் கம்பு மூட்டை மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அரைத்த நிமிடம் சுவர்கள் இடிந்து எண்ணெயும் நொதியும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. லைபேஸ் எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கத் தொடங்கும். அதற்குக் காற்றுகூட வேண்டாம். டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே வேலை நடக்கும். விடுபட்ட அமிலங்களைக் காற்று வந்து ஆக்சிஜனேற்றம் செய்யும்போதுதான் அந்தப் பழைய எண்ணெய் வாடை.

பரப்பு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். கம்பு மணி சுமார் 2 மி.மீ. மாவுத் துகள் 0.1 மி.மீ. என்று வைத்தால், 2 மி.மீ. கனசதுரம் ஒன்று 8,000 துண்டுகளாகிறது. மொத்தப் பரப்பு 20 மடங்கு. இது வெளிப்பரப்பை வெளிப்பரப்போடு ஒப்பிட்ட கணக்கு. முழுமணியில் காற்றைப் பார்த்திருந்தது தோல் மட்டும்தான். உள்ளே இருந்த எண்ணெய் அரைக்கும் வரை காற்றையே பார்த்ததில்லை.

இதைவிட மோசம் எங்கள் தவிடு. பச்சை நெல்லைத் தீட்டியவுடன் தவிட்டில் இதே கலப்பு நடக்கிறது, அதுவும் 15 முதல் 20 சதவீதம் எண்ணெயோடு. லாரி ஒரு நாள் தாமதித்தால் அமிலம் ஏறிவிடும், சுத்திகரிப்பில் நஷ்டம். அதனால்தான் பச்சரிசித் தவிட்டை வந்தவுடன் சூடேற்றி நொதியை முடக்குவார்கள். புழுங்கலரிசித் தவிடு இவ்வளவு அவசரப்படுத்தாது. நெல்லை அவித்தபோதே லைபேஸ் செத்துவிட்டது.

அதாவது கந்தன் அண்ணா, இங்கே சூடு காப்பாற்றுகிற கட்சி. மில் சூடு நொதியைக் கொல்லும் அளவுக்குப் போதாது, அவ்வளவுதான்.

கரிசல்_கந்தன்

இருக்கட்டும். பாட்டி அரைத்த கம்பு மாவு மட்டும் கெடாமல் இருந்ததே, அது எப்படி?

மில்லுக்காரன்

பாட்டி என்றைக்கு அரைத்தார், என்றைக்குக் கூழ் காய்ச்சினார்?

கரிசல்_கந்தன்

விடியற்காலையில் அரைப்பார். அன்றைக்கே காய்ச்சிவிடுவார். ...சரி சரி, புரிகிறது.

உமியும்_தவிடும்

அதேதான். திருகை மாவை மாதக்கணக்கில் டப்பாவில் வைத்துப் பார்த்தால் அதுவும் கசக்கும். அவர்கள் மூட்டையாக வைத்தது தானியத்தை, மாவை இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கந்தன் அண்ணா பக்கமும் நியாயம் உண்டு. சூடு தொடக்கி வைக்கவில்லை என்றாலும் விரைவுபடுத்தும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் தோராயமாக இரண்டு மடங்கு என்று சொல்வார்கள். மாவைச் சூட்டோடு டப்பாவில் திணித்து மூடினால் அது மணிக்கணக்கில் ஆறாது, மாவு வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அதோடு ஆவி மூடியில் வியர்த்து மறுபடி மாவில் சொட்டும். கட்டி கட்டும், பூஞ்சணம் பிடிக்கும். வந்தவுடன் வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டு எடுத்து வைப்பது அதற்குத்தான்.

பத்தாம்_பி

நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் இதே சண்டை. அரைப்பது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? இயற்பியல் மாற்றம் என்று எழுதினேன், என் நண்பன் "அப்ப கம்பு மாவு ஏன் கெட்டுச்சு" என்கிறான். நாளை மறுநாள் தேர்வு.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

தேர்வில் இயற்பியல் மாற்றம் என்றே எழுதப்பா, முழு மதிப்பெண் உண்டு. கோதுமை மாவு வேறு பொருளாகிவிடவில்லை, அளவுதான் மாறியது. நண்பன் சொல்வது அதற்குப் பிறகு நடக்கும் தனி மாற்றம். அது வேதியியல் மாற்றம்தான். அரைத்தது அதன் வேகத்தைக் கூட்டிவிட்டது. சுண்ணாம்புக்கல் துண்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் மெதுவாக நுரைக்கும், தூளாக்கி ஊற்றினால் பொங்கும் என்று படித்திருப்பாயே.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. புறப்பரப்பு வேகத்தைத்தான் மாற்றும், முடிவில் கிடைக்கும் அளவை மாற்றாது. கல்லுப்பு மெதுவாகக் கரையும், தூளுப்பு சட்டென்று கரையும். ஆனால் 100 மில்லி தண்ணீர் ஏற்றுக்கொள்வது இரண்டிலும் சுமார் 36 கிராம்தான்.

அப்புறம், தேர்வுக்கு வேண்டாத ஒரு கூடுதல் செய்தி. கல்லுக்கு நடுவில் தானியம் உடைவதோடு நிற்பதில்லை. அழுத்தத்திலும் உரசலிலும் ஸ்டார்ச் மணிகளில் ஒரு பகுதி விரிசல் விட்டு நசுங்கிவிடுகிறது. நசுங்கிய ஸ்டார்ச் அதிகத் தண்ணீர் குடிக்கும், நொதிகளும் அதை எளிதில் உடைக்கும். கல்மில் கோதுமை மாவு பிசையும்போது கூடுதலாகத் தண்ணீர் கேட்பதும், சப்பாத்தி மிருதுவாக வருவதும் அதனால்தான். உருளை எந்திரத்தில் அரைக்கும் மைதாவில் இந்தச் சேதம் குறைவு.

டிகாஷன்_தாஸ்

காபிக்காரன் பங்குக்கு நாலு வரி. வறுத்த கொட்டை தாங்கும் நாட்கள் அளவுக்குத் தூள் தாங்காது. வறுக்கும்போது உள்ளே அடைபட்ட கார்பன் டை ஆக்சைடும் மணமும் அரைத்தவுடன் தப்பித்துப் போகின்றன. ரொம்ப நைசாக அரைத்தால் பில்டரில் தண்ணீர் இறங்காது, கரகரப்பாக அரைத்தால் வெறும் சாயத் தண்ணீர். மிளகு, மல்லிக்கு இந்தச் சூடு உண்மையிலேயே எதிரி. அவற்றின் மணமே ஆவியாகும் எண்ணெய்தான். ஏற்றுமதித் தரத்துக்கு அரைப்பவர்கள் சிலர் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிரவைத்து அரைக்கிறார்கள். "குளிர்முறை அரவை" என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் உண்டு. கோதுமைக்கு என்ன அர்த்தம் என்று விளம்பரக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

கோவில்பட்டியான்

உரசல் என்றதும் எங்கள் ஊர்த் தொழிலைச் சொல்லாமல் போக முடியவில்லை. தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கின்றன, பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். கண்ணாடித் தூள் எரிவதற்கு இல்லை, உரசலைக் கூட்டுவதற்கு. கிழிக்கும் அந்தக் கணத்தின் சூட்டில் சிவப்பு பாஸ்பரஸில் துளி வெள்ளை பாஸ்பரஸாக மாறிக் காற்றில் பற்றிக்கொள்ளும், அது குச்சித் தலைக்குத் தாவும். சுவரில் தேய்த்தால் பற்றாததற்குக் காரணம், பாதி மருந்து பெட்டியில் இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழில் இது. குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகப் போட்டு உலர்வாக அரைக்கக் கூடாது என்பது இங்கே முதல் நாள் பாடம். நைசாக இருப்பதும் உரசலும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பத்தாம்_பி

மாவு மில்லும் வெடிக்குமா? யூடியூபில் பார்த்தேன், நம்பலாமா?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

நம்பலாம். மாவுக் குவியலில் தீக்குச்சி வைத்தால் மேலே கருகும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் துகளுக்குக் காற்று இல்லை. அதே மாவு மூடிய அறையில் புகையாகப் பறந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று. ஒன்று பற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து வாஷ்பர்ன் ஏ மில் 1878 மே 2-ஆம் தேதி அப்படித்தான் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். விசாரித்த பேராசிரியர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டால் மில்லுக்காரர் தம்பிக்குப் புரியும்: தானியம் விழாமல் வெறுமனே ஓடிய இரண்டு கற்கள் ஒன்றோடொன்று உரசிய பொறி. 2008-இல் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் சர்க்கரைத் தூசு வெடித்து 14 பேர் இறந்தார்கள். அங்கே மூடிய கன்வேயருக்குள் சூடேறிப்போன ஒரு பேரிங்தான் பற்றவைத்திருக்க வேண்டும் என்றது விசாரணை. கல்லோ பேரிங்கோ, நெருப்பைக் கொடுத்தது உரசல், அதை வெடிப்பாக்கியது தூசின் பரப்பு.

மில்லுக்காரன்

வெறும் கல் ஓடினால் சத்தமே மாறும் சார், தூக்கத்தில்கூட எழுந்து ஓடுவோம். எங்கள் மாதிரிச் சின்ன மில்லில் கதவு ஜன்னல் திறந்தே கிடக்கும், அந்த அளவுக்குத் தூசு அடைய இடமில்லை. இருந்தாலும் கூரையிலும் வயரிலும் படிந்ததை நாங்கள் கூட்டித் தள்ளிவிடுவோம். தானியத்தோடு ஆணி, கம்பித்துண்டு வராமல் இருக்க வாய்ப்பக்கம் காந்தம் வைத்திருக்கிறோம். கல்லும் தப்பிக்கும், பொறியும் பறக்காது. நீங்களும் புடைத்துக் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும்.

தேனி_சுபா

அப்பாடா, எவ்வளவு விஷயம்! விளம்பரத்துக்காரருக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. ஆனால் தினமும் விடிகாலையில் அரைக்க நான் கந்தன் அண்ணா பாட்டியும் இல்லை. கம்பை வறுத்து அரைத்தால் அந்த லைபேஸ் போய்விடுமா?

உமியும்_தவிடும்

பெருமளவு அடங்கும் அக்கா. மிதமான தீயில் மணம் வரும்வரை, எல்லா மணியும் சூடேறும்படி கிளறி வறுக்க வேண்டும். மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் பலன் இல்லை. சிலர் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து நன்றாகக் காயவைத்தும் அரைக்கிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் ஈரம் மிச்சமிருந்தால் புதுத் தொல்லை. வறுத்தாலும் காற்றால் வரும் காறல் மெதுவாக வரத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், மிச்சத்தை மணியாகவே வைத்திருங்கள்.

மில்லுக்காரன்

வறுத்ததை நன்றாக ஆறவைத்துக் கொண்டுவாருங்கள் அக்கா. சூட்டோடு கல்லில் போட்டால் மாவு இன்னும் சூடாகி ஆவி கட்டிக் கல்லில் அப்பிக்கொள்ளும். அப்புறம், முதலில் கேழ்வரகைப் போடச் சொல்லிக் கம்பைக் கடைசியில் கொடுங்கள். கம்பு எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டியிருக்கும், அடுத்து வருகிற மாவோடு கலந்துவிடும். போகிறபோதே மில்காரரிடம் "இதுக்கு முன்னால என்ன அரைச்சீங்க" என்றும் கேட்டுவிடுங்கள்.

கரிசல்_கந்தன்

மிளகாய் வத்தல் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.